நீ எழுதினதுன்னு நெனச்சேன்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கண் ஆஸ்பத்திரி. காலையில் போய் உட்கார்ந்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இவருடைய இடக்கண்ணின் கருவிழி இன்னும் வெளுத்திருக்கிறது என்றார். வலக்கண் கிருமி தாக்கிப் போய் வருஷங்கள் ஆகின்றன. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். "பனியில லைட் போடாம பஸ் ஓட்டுற மாதிரி இருக்கு டாக்டர்" என்றார் இவர். டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போன தடவை இவரே 'லேசான பனி' என்று சொன்னவர். இன்று அந்த 'லேசான' இல்லை.

ஒரே ஒரு நல்ல சேதி. கருவிழி மாற்றுக்குக் காத்திருப்பவர்களில் இவர் பெயர் மேலே வந்துவிட்டதாம். யாராவது தானம் கொடுத்த கண் பொருத்தமாக வந்தால் உடனே தகவல் வரும், அன்றைக்கே வந்து சேர வேண்டும் என்றார்கள். எடுத்த கருவிழி ரொம்ப நாள் தாங்காதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு, டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். ஸ்டியரிங்கை விட்டு வருஷக்கணக்கில் ஆகியும் இன்னும் கால் கிளட்சை மிதிக்கிறது. நான் பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அலுவலகத்தில் வழக்கமான வேலை. மாதக் கடைசிக்கான அறிவிப்பு. இன்டர்நெட் கம்பெனியில் வேலை என்றால் எல்லோரும் நான் ஏதோ கம்பம் ஏறி ஒயர் இழுக்கிறேன் என்று நினைக்கிறார்கள். நான் எழுதுகிறேன். கட்டணம் கட்டாதவர்களுக்கு, கட்டப் போகிறவர்களுக்கு, கட்ட மறக்கப் போகிறவர்களுக்கு. 'இன்றே கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். கீழே உள்ள லிங்கை அழுத்தவும். ஒரு நிமிடம் ஒதுக்குங்கள், மாதம் முழுக்க நிம்மதியாக இருங்கள்.'

அந்தக் கடைசி வரி என் சொந்தச் சரக்கு. போன வருஷம் அடுப்படியில் நின்றுகொண்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இவர்தான் இதைத் தேர்ந்தெடுத்தார். "இது நல்லா ஓடுது, பிரேக் அடிக்கவே வேணாம்" என்றார். அந்த வரி வந்த பிறகு நிறையப் பேர் நேரத்துக்குக் கட்டுகிறார்கள் என்று மேலாளர் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் கர்வம்தான்.

மார்ச் 9, திங்கள்

எப்படி எழுதுவது.

சாயங்காலம் படியேறி வந்தபோது இவர் வாசலுக்கே வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது. இன்றைக்கு இன்டர்நெட் கட் ஆகியிருக்கும், நான்தான் காப்பாற்றினேன் என்றார். உன்னைத் தொந்தரவு பண்ணாமல் நானே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன் என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் சின்னம், எங்கள் நீல நிறம். 'உங்கள் விவரங்கள் சரிபார்க்கப்படாததால் இணைப்பும் மெயில் பெட்டியும் இன்றுடன் நிறுத்தப்படும்.' அனுப்பியவர் என்ற இடத்தில் எங்கள் கம்பெனியின் பெயர். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தால்தான் கீழே உண்மையான முகவரி வருகிறது. வாயில் நுழையாத எழுத்துக் கூட்டம், கடைசியில் எங்கோ ஒரு தேசத்தின் வால்.

இவருக்கு அது எப்படித் தெரியும்? இவர் மெயிலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார். போனில் பேசும் அந்தப் பெண் குரலுக்குக் 'கண்டக்டரம்மா' என்று பேர் வைத்திருக்கிறார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் அழுத்துவார். கண்டக்டரம்மா பெயரை மட்டும்தான் வாசிப்பாள். பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரியை வாசிக்க மாட்டாள். லிங்கை அழுத்தச் சொன்னாள், அழுத்தினார். மெயில் ஐடி கேட்டாள், பாஸ்வேர்டு கேட்டாள். கொடுத்திருக்கிறார். கஷ்டப்பட்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் கொடுத்திருக்கிறார். அரை நாள் ஆகியிருக்கும்.

யாராவது பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்கலாமா, சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டிருப்பேன். இவர் முகம் வாடிப்போயிற்று. அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"கடைசியில 'ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்'னு வந்துச்சும்மா. நீ எழுதினதுன்னு நெனச்சேன்."

மார்ச் 10, செவ்வாய்

நேற்று ராத்திரி நான் பாஸ்வேர்டை மாற்ற உட்காருவதற்குள் அவன் மாற்றிவிட்டான் பாவி. எங்களால் உள்ளேயே போக முடியவில்லை. இவர் பெயரில் எல்லோருக்கும் மெயில் போயிருக்கிறது, அவசர ஆபரேஷன், உதவி தேவை என்று. டிப்போவில் கூட வேலை பார்த்த ஒருவர் பணமே அனுப்பிவிட்டார். நாத்தனார் அழுதுகொண்டே போன் செய்தாள், அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பணம் அனுப்பியவரிடம் பேசும்போது மட்டும் என்னை வெளியே போகச் சொன்னார்.

அந்தப் பெட்டியில் இவர் வேலை பார்த்த காலத்துப் படங்கள் எல்லாம் இருந்தன. பார்க்க முடியாத படங்கள்தான். ஆனாலும் இருந்தன.

மார்ச் 11, புதன்

அன்றைக்கே படம் பிடித்து வைத்திருந்த போலி மெயிலை மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மாதிரிதான். இன்னும் நிறையப் பேருக்கு இது போயிருக்கிறது, தொலைபேசிப் பிரிவில் காலையிலிருந்து இதே புகார் என்றார்.

போலியையும் நம்முடைய அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடை முழுக்க நம்முடையது. அவன் ஒன்றும் மெனக்கெடவில்லை. என்னை அப்படியே எடுத்து, காரணத்தையும் லிங்கையும் மட்டும் மாற்றியிருக்கிறான். 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்னுடையது. 'தவறினால்' என்னுடையது. 'இன்றே' என்னுடையது. திருடன் எப்படி மிரட்டுவானோ அப்படித்தான் நான் இத்தனை நாளும் மிரட்டியிருக்கிறேன், சம்பளம் வாங்கிக்கொண்டு.

இனிமேல் லிங்க் போட வேண்டாம் சார், பெயர் போட்டு எழுதலாம், 'இன்றே' என்பதை எடுத்துவிடலாம் என்றேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "அவசரம் இல்லேன்னா யார் மேடம் கட்டுவாங்க?" என்றார். எச்சரிக்கை அறிவிப்பு ஒன்று எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அது வெளியே போனபோது அடியில் 'மேலும் அறிய இங்கே அழுத்தவும்' என்று ஒரு லிங்க் ஒட்டியிருந்தது.

மார்ச் 14, சனி

இவருக்குப் புதிதாக மெயில் ஐடி திறந்து கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்கும் போன் செய்து மாற்றச் சொன்னேன். மாற்றியாயிற்று என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

பிறகு பாடம். போனில் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் கண்டக்டரம்மா முழு முகவரியையும் எழுத்தெழுத்தாக வாசிப்பாள் என்று கண்டுபிடித்தேன். அதை இவர் விரலுக்குப் பழக்கினேன். முதலில் முகவரி. அதில் சந்தேகம் என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டியது. உங்கள் பெயரைச் சொல்லாமல் பொதுவாக அழைத்தால் சந்தேகப்படுங்கள். அவசரப்படுத்தினால் இன்னும் சந்தேகப்படுங்கள். இதைச் செய்யாவிட்டால் அது போய்விடும் என்று பயம் காட்டினால் அவன் திருடன். லிங்க் இருந்தால் தொடவே கூடாது. யோசிக்காமல் அழித்துவிடுங்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், எடுத்தால் பேச்சிலேயே மயக்கிவிடுவார்கள்.

எல்லாவற்றையும் ஸ்டாப்பிங் பேர் சொல்கிற மாதிரி வரிசையாகத் திருப்பிச் சொன்னார். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. நான் சிரித்துவிட்டேன். திங்கள்கிழமைக்குப் பிறகு இந்த வீட்டில் இன்றுதான் சிரிப்புச் சத்தம்.

மார்ச் 22, ஞாயிறு

அலுவலகத்திலிருந்து நானே போலி மெயில்களாக எழுதி இவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், பரீட்சைக்கு. பேங்க் மாதிரி, மின்சார அலுவலகம் மாதிரி, எங்கள் கம்பெனி மாதிரி. எல்லாவற்றையும் பிடித்துவிட்டார். ஒன்றில் மட்டும் வேண்டுமென்றே இவர் பெயரைச் சரியாகப் போட்டு, அவசரமே காட்டாமல், ரொம்ப மரியாதையாக எழுதினேன். அதையும் பிடித்தார். முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாம்.

இப்போது டிப்போ ஆட்கள் தங்களுக்கு வருவதை இவருக்கு வாசித்துக் காட்டி, இது நிஜமா பொய்யா என்று கேட்கிறார்கள். பணம் அனுப்பி ஏமாந்த அந்த நண்பர்கூட. இவர் டாக்டர் மாதிரி கேள்வி கேட்டு, "அழிச்சுடு" என்று மருந்து எழுதிக் கொடுக்கிறார். குனிந்திருந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

கண்ணில் எரிச்சல் என்றார். சொட்டு மருந்து. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 8, புதன்

வேலை வீடு வரைக்கும் வந்துவிட்டது. நாளைக்குள் விலையேற்ற அறிவிப்பு தயாராக வேண்டும். சாப்பிடும்போது, இன்றைக்கு ஒன்று சிக்கியது, பெரிய கில்லாடியாக இருப்பான் போல, மெயிலும் அனுப்பிவிட்டு இரண்டு மூன்று தடவை போனும் செய்தான் என்றார் இவர். எடுக்கவே இல்லையாம். கெட்டிக்காரர்தான் என்றேன். தட்டை எடுத்து வைத்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும் இடத்தில் இருந்த பெண் இவர் பெயரைப் பார்த்ததும் தலையைத் தூக்கினாள். "எட்டாம் தேதி கண்ணு வந்துச்சே, நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள்.

யாருமே சொல்லவில்லையே என்றேன். மெயில் போயிருக்கிறது, போனும் செய்திருக்கிறோம், ஒருவரும் எடுக்கவில்லை, அதனால் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. பின்னால் வரிசை நின்றது. நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன் — மெயில் ஐடி மாற்றினோமே, நீங்கள்தானே மாற்றியாயிற்று என்றீர்கள். இவர் என் தோளைத் தொட்டார்.

"விடு. வந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இவர் போனில் அழித்தவை கிடக்கும் இடத்தைத் திறந்தேன். இருந்தது. 'அன்புள்ள பதிவுதாரரே.' பெயர் இல்லை. 'வாய்ப்பு வந்துள்ளது. இரண்டு மணி நேரத்துக்குள் கீழே உள்ள லிங்கை அழுத்தி உறுதிசெய்யவும். தவறினால் வாய்ப்பு அடுத்தவருக்குச் செல்லும்.' என்ன வாய்ப்பு, எதற்கு, ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியின் பெயர் அடியில் ஒரு படமாக மட்டும் இருக்கிறது. படத்தைக் கண்டக்டரம்மா வாசிக்க மாட்டாள். முகவரி ஆஸ்பத்திரியினுடையதே இல்லை. விசாரித்தேன். தகவல் அனுப்பும் வேலையை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்களாம். போனும் அங்கே யாரோ ஒருவருடைய நம்பரிலிருந்து.

நான் சொல்லிக் கொடுத்த அத்தனையும் அதில் இருந்தது. ஒன்று விடாமல்.

நானாக இருந்தாலும் அழித்திருப்பேன். அழித்திருப்பேனா? தெரியல. ஆஸ்பத்திரிப் படத்தப் பாத்திருப்பேன்ல, கண்ணு இருக்குல்ல எனக்கு. அன்னிக்கு ராத்திரி என்ன மெயில்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா? கேட்டு மட்டும் என்ன, அதுக்குள்ள நேரம் போயிருக்கும். ஆனா கேக்கலையே. விலையேத்தி எழுதிக்கிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் இன்றே இன்றேன்னு எழுதத் தெரியுது—

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் கால் அசையவில்லை.

ஏப்ரல் 18, சனி

இவர் ஒரு நேரம் சாப்பிட்டார், நான் ஒரு நேரம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாத்தனார் வந்தாள். விஷயம் தெரிந்துவிட்டது. சமையலறைக்குள் வந்து கதவை ஒருக்களித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில்தான் பேசினாள். அதுதான் தாங்கவில்லை, கத்தியிருக்கலாம். அண்ணி, அவர் யாரையும் நம்புகிற மனுஷன், அவரை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்க வேண்டுமா என்றாள். கண் தெரியாதவரிடம் போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போனால் எப்படி என்றாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். துலக்கியதையே துலக்கினேன்.

"கண்ணு கெட்ட பெறகு..." என்று ஏதோ ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இவர் எப்போது வந்தார் என்று தெரியாது, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். "முழுசா சொல்லிடு, பழமொழிதானே" என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். இவர் அவள் தலையைத் தேடித் தொட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் நின்ற இடத்துக்கு இல்லை, கொஞ்சம் தள்ளி, குழாய்ச் சத்தம் வந்த பக்கம்.

"அவ சொல்லிக் குடுத்த பாடம் சரிதான். நான்தான் ரொம்ப நல்லாப் படிச்சுட்டேன்."

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். நோயாளியின் பெயர் போடுங்கள், சொந்த முகவரியிலிருந்து அனுப்புங்கள், போன் செய்தால் எங்கிருந்து என்று ஒரு குறுஞ்செய்தியாவது முதலில் அனுப்புங்கள் என்று. கோபம் இல்லாமல் எழுதினேன். எழுதுவதுதானே எனக்குத் தெரிந்த ஒரே தொழில்.

உடனே பதில் வந்தது. 'அன்புள்ள பதிவுதாரரே, தங்கள் கருத்து பெறப்பட்டது.'

ஏப்ரல் 29, புதன்

மாதக் கடைசி அறிவிப்பு. 'இன்றே' இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். லிங்க் இல்லாமல். வாடிக்கையாளர் பெயருக்கு இடம் விட்டு. மேலாளர் வாசித்தார். இவருடைய கண் விஷயம் அவருக்குத் தெரியும், அதனால் வாங்கி வைத்துக்கொண்டார். மத்தியானம் வெளியே போனபோது 'இன்றே' இருந்தது. என் வரியும் இருந்தது, ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

அவர் மேஜைக்குப் போய், என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் சார் என்றேன். எங்கே என்றார். எங்கேயாவது, எழுதாத இடம் என்றேன்.

மே 6, புதன்

சூடு கண்ட பூனை என்பார்கள். இவர் அதற்கு நேர் எதிர். இப்போது எந்த நம்பரிலிருந்து போன் வந்தாலும் எடுக்கிறார். முதல் மணியிலேயே எடுக்கிறார். கடன் வேண்டுமா என்று கேட்பவர்கள், மனை விற்பவர்கள், கார்டு முடங்கிவிட்டது என்று மிரட்டுபவர்கள். எல்லோரிடமும் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி விஷயம் ஏதும் இல்லையே என்று உறுதிசெய்துகொண்டு வைக்கிறார். குளிக்கப் போனாலும் போன் கூடவே போகிறது. ஒருவன் மனை விற்க வந்து, கடைசியில் தன் அப்பாவுக்கும் கண்ணில் புரை என்று சொல்லி, இவரிடம் அரை மணி நேரம் யோசனை கேட்டிருக்கிறான்.

சிரிக்கலாம்தான். யார் போனையும் எடுக்காதீர்கள் என்று சொன்ன அதே வாயால் இப்போது என்ன சொல்வேன்?

மெயிலை மட்டும் இவர் தொடுவதில்லை. "நீ பாத்துக்க" என்று ஒரே வார்த்தை. கண்டக்டரம்மாவை மூடிவிட்டார்.

மே 20, புதன்

கண்ணில் பொறுக்க முடியாத வலி, வாந்தி. அலுவலகத்துக்கு இவரே போன் செய்தார். குரலைக் கேட்டதும் ஓடி வந்தேன். வாடகைக் காரில் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் ஏகமாக ஏறியிருக்கிறதாம். ஊசி, மருந்து, படுக்கை. சாயங்காலம் வலி அடங்கியது. டாக்டர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். உள்ளே இருக்கும் நரம்பு எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அது போயிருந்தால் கருவிழி மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்றார். போன மாதமே ஆபரேஷன் நடந்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன்.

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். வந்திருக்கும் என்றும் சொல்லவில்லை. வந்திருக்காது என்றும் சொல்லவில்லை.

மே 21, வியாழன்

படுக்கையில் படுத்தபடியே, விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிந்துகொண்டிருந்தது. ஆமாம் என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

மே 30, சனி

எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று. டாக்டர்கள் கூடிப் பேசி முடிவு எடுத்துத் தெரிவிப்பார்களாம். எப்படித் தெரிவிப்பீர்கள் என்று கேட்டேன். மெயிலில் என்றார்கள்.

ஜூன் 11, வியாழன்

வந்துவிட்டது.

அலுவலக மாடிப்படியில் நின்று வாசித்தேன். மூன்றே வரி. கண் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதால் கருவிழி மாற்றுச் சிகிச்சையால் பார்வை திரும்ப வாய்ப்பில்லை, எனவே காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது, வருந்துகிறோம். யாரோ என்னைத் தாண்டி மேலே போனார்கள், வணக்கம் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

வழியெல்லாம் யோசித்தேன், சொல்லாமல் இருந்துவிடலாமா என்று. மெயில் என் கையில்தானே இருக்கிறது. இன்னும் வரவில்லை என்றால் நம்பிவிடுவார். போன் மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து ஓடுவார். எத்தனை நாள்? சாகும் வரைக்குமா?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து வாசித்தேன். ஒரு சொல் மாற்றாமல். கேட்டார். "முகவரி பாத்தியா?" என்றார்.

பார்த்தேன் என்றேன்.

"எழுத்தெழுத்தாப் பாத்தியா?"

மறுபடி பார்த்தேன். மாடிப்படியிலேயே பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். ஓர் எழுத்து, ஒரே ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்காதா என்று. ஆஸ்பத்திரியின் சொந்த முகவரி. மேலே இவருடைய முழுப் பெயர், தப்பில்லாமல். லிங்க் இல்லை. எந்த அவசரமும் இல்லை. நான் கடிதத்தில் எப்படிக் கேட்டேனோ அப்படியே.

"நெஜம்தாங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். நகர்த்தி நகர்த்தி, நடு மேஜை என்று உறுதியான பிறகு கையை எடுத்தார்.

ஜூன் 12, வெள்ளி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 25, வியாழன்

நாத்தனார் பார்வையற்றோர் பயிற்சி நிலையம் ஒன்றை விசாரித்து வந்தாள். என்னிடம் சொல்லவில்லை, நேராக அண்ணனிடம் சொன்னாள். இவர் போவதாகச் சொல்லிவிட்டார். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் அண்ணி, உங்களுக்கு வேலை இருக்கும் என்றாள். குத்தலா, அக்கறையா என்று யோசித்தேன். முகத்தைப் பார்த்தால் அக்கறைதான். அவளும் இளைத்துவிட்டாள்.

ஜூலை 4, சனி

தொலைபேசிப் பிரிவுக்கு மாற்றம் கிடைத்து முதல் வாரம் முடிந்தது. காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறேன். இது பரவாயில்லை. திட்டுபவர்கள் நிஜமானவர்கள்.

இன்று ஓர் அம்மாள் பேசினார். கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது, இன்றே கட்ட வேண்டுமாம், பக்கத்து வீட்டில் ஏமாந்திருக்கிறார்கள், இது நிஜமா என்று கேட்டார். வாசிக்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறி வாசித்தார். அறிவிப்பு நம்முடையதுதான். நான் போன வருஷம் எழுதியது. கடைசி வரி வந்ததும், "இது நல்லா எழுதியிருக்கானுங்கம்மா, அதனாலதான் சந்தேகமா இருக்கு" என்றார்.

நிஜமான அறிவிப்புதான், ஆனால் அந்த லிங்கைத் தொட வேண்டாம், நேரில் வந்தோ இந்த நம்பரிலோ கட்டுங்கள், இரண்டு நாள் தாமதமானால் ஒன்றும் துண்டித்துவிட மாட்டார்கள் என்றேன். பேச்செல்லாம் பதிவாகிறது. மேலாளர் கேட்டால் கேட்கட்டும்.

ஜூலை 19, ஞாயிறு

இவருக்குக் கோல் கொடுத்திருக்கிறார்கள். மடக்கினால் பைக்குள் அடங்கிவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே தட்டித் தட்டிப் பழகுகிறார். மேஜைக் கால், கதவு, என் கால். மன்னிப்புக் கேட்கிறார், மேஜைக் காலிடமும்.

நேற்று நான் அழுதுகொண்டிருந்தது தெரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கண் யாருக்கோ போயிருக்கிறது இல்லையா, அவர் இப்போது பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், அதை ஏன் வீணாய்ப் போனதாக நினைக்கிறாய் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவருக்கும் இல்லை என்றுதான் தோன்றியது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

இன்று தனியாகக் கடைக்குப் போகிறேன் என்றார். சோப்பு வாங்க. வீட்டில் சோப்பு இருக்கிறது. இருந்தாலும் சரி என்றேன்.

படியிறங்கிப் போனார். சத்தம் காட்டாமல் பின்னாலேயே போனேன். சுவரை ஒட்டிக் கோலைத் தட்டிக்கொண்டு, எதிரே வந்த சைக்கிளுக்கு நின்று வழிவிட்டு, நிறுத்தியிருந்த ஒரு வண்டியைக் கோலால் தடவிச் சுற்றிக்கொண்டு போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பாதித் தெருவில் நின்றார். திரும்பவில்லை.

"செருப்புச் சத்தம் கேக்குது. வீட்டுக்குப் போ."

நின்றுவிட்டேன். அவர் போய்க்கொண்டே இருந்தார். தெருமுனையில் தலையைச் சாய்த்து வண்டிச் சத்தம் கேட்டார், பிறகு திரும்பி மறைந்துவிட்டார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு போனால் கேட்காதே என்று தோன்றியது. கழற்றவும் கழற்றினேன், ஒரு காலை. சுடு தரையில் அந்த ஒரு காலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு நேரம் ஆகாது. கடையில் கூட்டமாக இருக்கலாம். யாராவது பழையவர்கள் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். எழுந்து ஜன்னலுக்குப் போக மாட்டேன்.

கீழே கோல் சத்தம். படியில் ஏறுகிறது. ஒரு படியில் நின்று மூச்சு வாங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கதவு சாத்தித்தான் இருக்கிறது. அவரே திறக்கட்டும்.